இருபத்திரண்டு ஆணிகளும் என் ஸ்வெட்டர் கையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பொறியியல் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட ஆணி அடித்தவள் என் மனைவி கவிதா. நான் கீழே நின்று, "கொஞ்சம் இடது பக்கம்" என்று சொன்னேன். அதுவும் தப்பு. வலது பக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கைவேலைக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பள்ளியில் கைத்தொழில் பீரியடு வந்தால் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துகொள்வார். எங்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. கல்லூரி முதலாண்டில் ஒர்க் ஷாப் என்று ஒரு பாடம். இரண்டு மரத்துண்டுகளை வெட்டி, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருத்திக் காட்ட வேண்டும். நான் பொருத்தியதில் நடுவே ஒரு பல்லி குடும்பத்தோடு குடியிருக்கலாம். கடைசியில் அட்டெண்டர் அண்ணன் ஒருவர் மனமிரங்கிச் செய்துகொடுத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. (அந்த நாலு மார்க் எதற்குப் போனது என்று அவர் ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.)

இப்படிப்பட்ட நான் ஆக்லாந்துக்கு வந்து, எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் கட்டடத் திட்டங்களுக்குக் கால அட்டவணை போடும் வேலையில் சேர்ந்தேன். எந்த வாரம் எந்தத் தூண் எழும்ப வேண்டும் என்று கணினியில் வண்ணப் பட்டைகளாகக் காட்டுவேன். தூண் எழும்பாவிட்டால் பட்டையைத் தள்ளி வைப்பேன். கையில் அழுக்குப் படாத தொழில்.

எங்கள் மகள் இனியாவுக்கு அப்போது நாலு வயது. லின்ஃபீல்டில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தோம். இந்த ஊரில் அதைச் செல்லமாகக் 'கிண்டி' என்பார்கள். போனில் அம்மாவிடம், "இனியா கிண்டிக்குப் போயிருக்கா" என்றதும், "அவ்ளோ சின்னப் பிள்ளைய எதுக்குடா தொழிற்பேட்டைக்கு அனுப்புற?" என்று பதறிப்போனார்.

வீட்டில் இனியா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் பூனை மொழி. ஆனால் கிண்டியின் வாசலைத் தாண்டியதும் வாய் பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து மாதம். பாத்ரூம் போக வேண்டும் என்றாலும் கதவைக் காட்டுவாள். யார் என்ன கேட்டாலும் தலையசைப்புதான்.

ஐந்தாம் மாதம் தலைமை ஆசிரியை ஜூலி எங்களை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். அவர் எதற்கும் அவசரப்படாதவர். "இனியா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேசும்போது பேசுவாள். ஆனால் வீட்டில் இருக்கும் ஒருவரை அவள் இங்கேயும் பார்த்தால் நன்றாக இருக்கும். உங்களில் ஒருவர் ஒரு காலை வேளை வந்து அவளோடு கைவேலை மேசையில் உட்கார முடியுமா?" என்று கேட்டார்.

வெளியே வந்து காரில் ஏறியதும் கவிதா அழுதுவிட்டாள். "இன்னும் எட்டு மாசத்துல ஸ்கூலுக்குப் போகணும். அங்கயும் இப்படியே இருந்தா என்னங்க பண்றது?"

அவள் மருத்துவமனையில் நர்ஸ். அந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட். ஆகவே நான் போவதென்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

"போய் உக்காருங்க. அவ பக்கத்துல இருங்க. எதையும் சரி பண்ணாதீங்க."

"நான் என்ன சரி பண்ணப் போறேன்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா பண்ணுவீங்க."

அதற்குள் நான் பண்ணி முடித்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. மூன்று நாள் மதிய உணவு இடைவேளையில், கைவேலையால் சின்னக் குழந்தைகள் என்னென்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். விரல்களுக்குப் பலம். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம். அளவு பற்றிய அறிவு, பொறுமை, தன்னம்பிக்கை, பேச்சு. பேச்சு என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மகள் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. அங்கே ஒரு திட்டம் இல்லை.

திட்டம் போட்டேன். கைவேலை மேசைக்கு வரும் ஒரு டஜன் குழந்தைகளும் ஆளுக்கொரு குருவிக் கூடு செய்வார்கள். ஹார்டுவேர் கடையில் பலகை வாங்கி, அங்கேயே அளவு சொல்லி வெட்டித் தரச் சொன்னேன். ஒரு கூட்டுக்கு ஆறு துண்டு, பன்னிரண்டு கூட்டுக்கு எழுபத்திரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண் எழுதினேன். ஒரு பக்கத்தில் அட்டவணையும் தயாரித்தேன். இடது பக்கம் குழந்தை கற்றுக்கொள்ளப் போவது, வலது பக்கம் அது நிகழும் நேரம். 'பொறுமை - 10.05' என்று எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. பேச்சை 10.40-க்குப் போட்டிருந்தேன்.

அன்று காலை அட்டைப் பெட்டியோடு போய் இறங்கினேன். ஜூலி பெட்டியைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், புன்னகைத்தார். "அழகாக இருக்கிறது. குழந்தைகள் இதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்" என்றார். நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். (இந்த நாட்டில் மறுப்புக்கும் இதே புன்னகைதான் என்பது விளங்க எனக்கு மேலும் சில வருடங்கள் பிடித்தன.)

அங்கே ஒரு தமிழ் ஆசிரியையும் உண்டு. ரஞ்சினி, மன்னார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் டீச்சர் என்போம், அவர் தன்னை 'ரீச்சர்' என்பார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, உதெல்லாம் என்னத்துக்கு? பிள்ளையள் தங்கட பாட்டில செய்வினம். நீங்கள் சும்மா இருந்தாக் காணும்."

"இல்ல டீச்சர், ஒரு கைடன்ஸ் இருந்தா நல்லா பண்ணுவாங்கன்னுதான்."

"ஓம், ஓம்," என்றார் ரஞ்சினி டீச்சர். அந்த இரண்டாவது ஓமின் தொனியை நான் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு அவர் என்னை அழைத்துப் போய் உட்காரவைத்த இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மயக்கமே வந்தது. களிமண், பசை, வண்ணத்தாள் என்று எதிர்பார்த்து வந்தவன் நான். அது தச்சு மேசை. நிஜமான சுத்தியல், நிஜமான ரம்பம், டப்பா நிறைய நிஜமான ஆணி. சுற்றிலும் நாலு வயதுப் பிள்ளைகள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பல வருட அனுபவம் உள்ள ஆசாரிகள் மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இனியாவுக்குத் தோசைக் கரண்டியைக்கூட நான் கொடுத்ததில்லை.

மேசையின் ஓரத்தில் இனியா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வந்து என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பேசவில்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் திட்டத்தை அறிவித்தேன். "இன்று நாம் எல்லோரும் குருவிக் கூடு செய்யப் போகிறோம். முதலில் ஒன்றாம் எண் பலகையை எடுங்கள்."

ஹேசல் என்று ஒரு சிறுமி. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த மேசைக்கு அவள்தான் மேஸ்திரி என்பது பிறகு தெரிந்தது. மூன்றாம் எண்ணை எடுத்தாள்.

"அது மூன்று. ஒன்றை எடும்மா," என்றேன்.

"இது பூனைக்குத் துணி தேய்க்கிற மேசை," என்றாள்.

"பூனை துணி போடாதே."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "அதனால்தான் அதுக்கு நிறைய நேரம் இருக்கு," என்றுவிட்டு அடிக்கத் தொடங்கினாள்.

10.05-க்குப் பொறுமை இழந்தது நான் மட்டும்தான். எழுபத்திரண்டு துண்டுகளும் பத்து நிமிடத்தில் பறந்துவிட்டன. ஒருவன் கூரைப் பலகைகளைக் கொண்டுபோய்ச் சுறாமீனுக்குச் சிறைச்சாலை கட்டினான். இன்னொருத்தி நாலாம் எண் பலகையைக் கயிற்றில் கட்டி நாய் என்று இழுத்துக்கொண்டு போனாள். குருவிக்கு வீடு தர அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் மனமில்லை.

சரி, சொந்த மகளையாவது வழிக்குக் கொண்டுவருவோம் என்று திரும்பினேன். இனியா தன் பெயர் எழுதிய ஒரு கட்டையை அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தாள். என் கையளவு கட்டை. அதில் வரிசையாக ஆணிகள். கோணலும் மாணலுமாக, சில பாதி இறங்கி, சில தலை சாய்ந்து. எதையும் எதோடும் சேர்க்காத ஆணிகள்.

"இது எதையும் பிடிச்சுக்கல பாரும்மா," என்றேன். "ஆணின்னா ரெண்டு பலகையைச் சேக்கணும். இங்க கொடு, அப்பா சரி பண்ணித் தரேன்."

அவள் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் மெதுவாகத்தான் வாங்கினேன். (மெதுவாக வாங்கினாலும் பிடுங்கியது பிடுங்கியதுதான்.) ரொம்பக் கோணலாக இருந்த நாலு ஆணிகளைக் குறட்டால் இழுத்து எறிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது இனியாவின் கீழுதடு துடித்தது. அழுகைச் சத்தம்கூட வரவில்லை. போய் ஓவியப் பலகைக்கு அடியில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

ரஞ்சினி டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, அவ நாளுக்கு ஒரு ஆணிதான் அடிக்கிறவ. காலமை வந்த உடன ஒண்டு அடிச்சுப்போட்டு, கட்டையை இடத்தில வச்சிட்டுத்தான் மற்ற விளையாட்டு. இருபத்திரண்டு நாளா அடிச்சவ. முதல் ஆணிக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. நேற்று ஒரே நிமிசம்."

நான் தரையைப் பார்த்தேன். நாலு நாள் அங்கே சிதறிக் கிடந்தது.

"அவ கதைக்கிறது இல்லை எண்டுதானே கவலைப்படுறியள். இதுவும் கதைதான் தம்பி. விளங்குதே?" என்று சொல்லிவிட்டு, பசை கொட்டிய ஒரு பையனை நோக்கிப் போய்விட்டார்.

விளங்கியது. விளங்கியதும் ஒரு நல்ல மனிதன் மகளிடம் போய் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் பொறியாளன். பிடுங்கிய நாலு ஆணிகளையும் அதே இடத்தில், அதே கோணலோடு திருப்பி அடித்து, ஒன்றும் நடக்காதது மாதிரி அவளிடம் நீட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

கட்டையை மேசை ஓரத்தில் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதல் அடி என் கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது அடியில் ஆணி ஜன்னலுக்குப் பறந்தது. அந்த நேரம் பார்த்துக் கண்கள் வேறு கலங்கியிருந்தன. (விரல் வலிதான். வேறொன்றும் இல்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.) கட்டையில் இறங்காத ஆத்திரத்தில் நீளமான ஆணிகளாக இரண்டு எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். இந்த முறை வழுக்கிக்கொண்டு இறங்கின. வாழ்க்கையில் முதன்முதலாக இரண்டு ஆணிகள் முக்கால்வாசி உள்ளே போயின. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது ஜூலி மணியடித்தார். பிள்ளைகள் எல்லோரும் நடுவில் விரித்திருந்த பாயில் போய் உட்கார்ந்தார்கள். தினமும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் கூடிப் பேசும் நேரம் அது. "நீங்களும் வாருங்கள்," என்று ஜூலி என்னை அழைத்தார்.

எழுந்தேன். இடது கை வரவில்லை.

ஆணிகள் கட்டையில் இறங்கவில்லை. கட்டைக்குப் பக்கத்தில், என் ஸ்வெட்டர் கையின் வழியாக, மேசைக்குள் இறங்கியிருந்தன. பிறந்தநாளுக்குக் கவிதா வாங்கித் தந்த மெரினோ கம்பளி ஸ்வெட்டர். இழுத்தால் கிழியும். கழற்றிவிடலாம் என்றால், உள்ளே சட்டை போடவில்லை. 'ஸ்வெட்டர் மூடிக்கொள்ளப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று காலையில் எடுத்து மாட்டிய பழைய பனியன். அதில் துணியைவிட ஓட்டை அதிகம். வலது கையால் ஆணியைப் பிடுங்கப் பார்த்தேன். அது தலை சாய்ந்து மேலும் படுத்துக்கொண்டது.

"நான் இங்கேயே இருக்கிறேன். இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது," என்று ஜூலியிடம் சொன்னேன். மேசைமீது ஒயிலாகச் சாய்ந்து நின்றேன். முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள்.

ஹேசல் மட்டும் எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"நீங்க உங்களையே அடிச்சுக்கிட்டீங்க," என்றாள்.

"தெரியும். யாரிடமும் சொல்லாதே," என்று கிசுகிசுத்தேன்.

"ஏன்?"

நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே ஓவியப் பலகைக்கு அடியிலிருந்து இனியா வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், ஆணிகளைப் பார்த்தாள். பிறகு நேராகப் பாயின் நடுவே நடந்துபோய், ஜூலியின் முன்னால் நின்று, வீட்டில் பேசும் அதே கணீர்க் குரலில் சொன்னாள்.

"மை அப்பா இஸ் ஸ்டக். ஹி நீட்ஸ் ஹெல்ப்."

ஐந்து மாதத்தில் அங்கே யாரும் கேட்டிராத குரல். ரஞ்சினி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு கைகள் வேண்டும்.

ஜூலி கைதட்டவில்லை, ஆகா என்று சொல்லவில்லை, இனியாவைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. தினமும் பேசும் பிள்ளையிடம் கேட்பது போலவே, "சொன்னதற்கு நன்றி, இனியா. நமக்கு என்ன சாமான் வேண்டும்?" என்று கேட்டார்.

இனியா யோசித்தாள். "சுத்தியலோட அந்தப் பக்கம். அப்புறம் ஒரு சின்னக் கட்டை," என்றாள் ஆங்கிலத்தில்.

"கட்டை எதற்கு?"

"கட்டையை அடியில வச்சா ஈஸியா வரும். இல்லன்னா ஆணி வளைஞ்சிடும்."

நெம்புகோல் தத்துவம். நான் இரண்டு செமஸ்டர் படித்துப் பாஸ் செய்த விஷயம்.

முப்பது பிள்ளைகளும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். இனியா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எனக்கும் ஒன்றை மாட்டிவிட்டாள். சின்னக் கட்டையை வைத்து, சுத்தியலின் பிளவில் ஆணியைக் கோத்து, தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தினாள். முதல் ஆணி வந்தது. இரண்டாவதைப் பிடுங்கும்போது ஹேசல் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் வந்தது. எங்கிருந்தோ கேமரா சத்தம் கேட்டது.

விடுதலையானதும் நான் முழங்காலிட்டு இனியாவிடம், "சாரிம்மா, அப்பா உன் ஆணியைப் பிடுங்கியிருக்கக் கூடாது," என்றேன்.

"இட்ஸ் ஓகே," என்றாள். பிறகு கட்டையையும் நாலு ஆணிகளையும் என் முன்னால் வைத்தாள். "பட் யூ ஹேவ் டு ஃபிக்ஸ் இட். ஒரு நாளைக்கு ஒண்ணு."

அன்றே ஒன்றை அடித்தேன். மீதி மூன்றுக்காக மேலும் மூன்று காலைகள் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் காரணம் கேட்டார்கள். ஆணி அடிக்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

அன்று மாலை நான் கவிதாவிடம் நடந்ததைச் சொன்னேன். பாதியில் அவள் சிரிக்கத் தொடங்கினாள், முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். பிறகு ஸ்வெட்டரைக் காட்டினேன். அழுகை நின்றுவிட்டது.

அந்த வாரக் கடைசியில் கிண்டியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக என்ன கற்றுக்கொண்டது என்று படத்தோடு ஒரு பக்கம் எழுதிப் பெற்றோருக்குத் தருவது அங்கே வழக்கம். இனியாவைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. மீதி அரைப் பக்கம் என்னைப் பற்றி. பாதுகாப்புக் கண்ணாடியோடு, மேசையில் அறையப்பட்ட நிலையில், பல்லைக் காட்டிக்கொண்டு நான். கீழே ஜூலி எழுதியிருந்தார்: 'இனியாவின் அப்பா இன்று முதன்முறையாகத் தச்சு மேசையில் விளையாடினார். விடாமுயற்சி நன்றாக இருக்கிறது. உதவி கேட்பதற்கு இன்னும் கொஞ்சம் நாளாகும்.'

அதைக் கவிதா பிரதி எடுத்து ஊருக்கு அனுப்பினாள். என் அம்மா அதைப் பிரேம் போட்டு வைத்திருக்கிறார். என் கல்யாணப் படத்துக்குக்கூடப் பிரேம் போடாதவர்.

இப்போது இனியாவுக்குப் பத்து வயது. வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று பள்ளியிலிருந்து புகார் வருகிறது. அந்தப் புகார்களைக் கவிதா பத்திரப்படுத்தி வைக்கிறாள்.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், தன் மகனைச் சேர்க்க அந்தக் கிண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். இனியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தச்சு மேசைக்கு மேலே சுவரில், முன்பு இல்லாத ஓர் அறிவிப்பு இருந்தது. 'பெரியவர்கள் மேசைக்கு வருமுன் தங்கள் சட்டைக் கையை மடித்துக்கொள்ளவும்.' பக்கத்தில் ஒரு கை, அதில் ஆணி, அதன்மேல் சிவப்புக் கோடு.

நண்பர் படித்துவிட்டு, "பெரியவங்களுக்கு எதுக்குங்க இந்த ரூல்?" என்று கேட்டார்.

ரஞ்சினி டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இனியா மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், லெட் மீ டெல் யூ," என்று ஆரம்பித்தாள். என் முகபாவம், என் கிசுகிசுப்பு, என் பனியன், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். அவள் சொன்னபடி பார்த்தால் என் ஸ்வெட்டரில் ஒன்பது ஆணிகள் இருந்தன. போன தீபாவளியில் ஏழாக இருந்தவை.

"ரெண்டுதாங்க," என்று நண்பரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அப்பா," என்றாள் இனியா, "நான் பேசிட்டு இருக்கேன்."